டாலர் கிடைக்காத நாட்டிலிருந்து மாணவர் விசா: நிதி ஆதாரத்துக்கு மாற்று வழிகள்

மாணவர் விசா விண்ணப்பங்களைத் தயார் செய்யும் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன்: குடும்பத்தில் பணம் இருக்கும், ஆனால் அதை டாலராகவோ யூரோவாகவோ மாற்றி அனுப்ப வங்கியிடம் அந்நியச் செலாவணி இருக்காது. நைஜீரியா, லெபனான் மாணவர்கள் இதில் தவித்தார்கள். 2022 நெருக்கடியில் இலங்கை மாணவர்களும் தவித்தார்கள்.

படிப்புக்காலச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசா அதிகாரிகளுக்குக் காட்ட, பணத்தை முன்கூட்டியே அனுப்புவது ஒன்றுதான் வழி என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) போடுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த முறை (2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை). ஆனால் அங்கீகரிக்கப்பட்ட உதவித்தொகைக் கடிதமும் செல்லும்; அங்குள்ள வங்கி தரும் உத்தரவாதமும் செல்லும். அங்கே வசிக்கும் உறவினரோ நண்பரோ வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பேற்பு உறுதிமொழியும் செல்லும். இந்த மூன்றாவது வழியில் உங்கள் நாட்டிலிருந்து ஒரு யூரோகூட முன்கூட்டி வெளியேற வேண்டியதில்லை.

கையெழுத்திடுபவர் தன் வருமானம் போதுமானது என்று காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், அவருக்கு வரும் சுமை. உங்கள் வாழ்க்கைச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ அரசு பணம் செலவழிக்க நேர்ந்தால் அதை அவரிடம் கேட்டு வாங்க முடியும். இந்தப் பொறுப்பு ஐந்து ஆண்டுவரை நீடிக்கலாம். "சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா" என்று சொல்லி வாங்காதீர்கள். முழுதும் விளக்கிச் சொல்லுங்கள், மருத்துவக் காப்பீட்டை ஒரு நாளும் விடாதீர்கள்.

பிரிட்டனில் கதை வேறு. மாமா, சித்தப்பாவின் கணக்கு அங்கே செல்லாது; உங்களுடையதோ, துணையுடையதோ, பெற்றோருடையதோ, சட்டப்படியான பாதுகாவலருடையதோதான் வேண்டும். பணம் உள்ளூர் நாணயத்திலேயே இருக்கலாம், ஆனால் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில் கணக்கிடுவார்கள். நாணயம் சரிந்துகொண்டிருக்கும் நாட்டில், முதல் நாள் போதுமானதாக இருந்த தொகை கடைசி நாளில் போதாமல் போய்விடும். தாராளமாகக் கூட்டியே வையுங்கள்.

கனடா, கல்விக்கடன் அனுமதிக் கடிதத்தையும் ஏற்கிறது.

வழி அடைபட்டதும் "கணக்கில் பணம் போட்டுக் காட்டித் தருகிறேன்" என்று ஏஜென்ட் வருவார். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் பிரிட்டன் பத்து ஆண்டும் கனடா ஐந்து ஆண்டும் கதவை மூடலாம். அதற்குப் பதில், பணத்தை அனுப்ப முடியாது என்று உங்கள் வங்கி சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, எந்த மாற்று ஆதாரத்தை ஏற்பீர்கள் என்று தூதரகத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் விண்ணப்பிப்பதற்கு முன்பே கேளுங்கள்.