பலபடிப் பிரிகை: சொல்லும் பொருளும்

வேதியியலில் டிபாலிமரைசேஷன் எனப்படுவது, நீண்ட சங்கிலி மூலக்கூறாகிய பலபடி (பாலிமர்), தன்னை உருவாக்கிய ஒற்றைப்படிகளாகவோ அவற்றில் சில மட்டும் இணைந்த சிறு துண்டுகளாகவோ திரும்பப் பிரிவதாகும். பலபடி உடைவதெல்லாம் இதில் அடங்காது. வெயிலில் கிடந்து நொறுங்கும் பிளாஸ்டிக் குடத்தில் சங்கிலிகள் கண்ட இடத்தில் அறுந்து ஆக்சிஜனேற்றமும் அடைகின்றன. அதைச் சிதைவு என்றே சொல்ல வேண்டும்.

கிரேக்கத்தில் 'பாலி' என்பது பல, 'மெரோஸ்' என்பது பகுதி. முன்னால் நிற்கும் 'டி' மட்டும் இலத்தீன். பாலிமர் என்ற சொல்லை 1830களின் தொடக்கத்தில் ஆக்கியவர் சுவீடனின் பெர்சீலியஸ். ஆனால் தனிம விகிதம் ஒன்றாகவும் மூலக்கூறின் அளவு வேறாகவும் உள்ள சேர்மங்களையே அவர் அதனால் குறித்தார். நீண்ட சங்கிலி என்ற இன்றைய பொருளுக்கு அடித்தளம், 1920இல் ஜெர்மனியின் ஹெர்மான் ஸ்டாடிங்கர் வெளியிட்ட கட்டுரை.

நிகழ்வோ அதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டது. பெர்லினில் மருந்து வணிகரான எடுவர்ட் சைமன் 1839இல் ஒரு மரப்பிசினைக் காய்ச்சி வடித்து ஸ்டைரீன் என்னும் எண்ணெயைப் பெற்றார். வைத்திருக்க வைத்திருக்க அது கெட்டியானதைக் கண்டு, ஆக்சிஜன் சேர்ந்துவிட்டதாகக் கருதினார். 1845இல் பிளைத், ஹாஃப்மன் இருவரும் அதில் ஆக்சிஜனே இல்லை என்று காட்டியதோடு, கெட்டிப் பொருளைச் சூடேற்றி வடித்துப் பழைய எண்ணெயை மீட்டனர். அந்தக் கெட்டிப் பொருளுக்குப் பாலிஸ்டைரீன் என்ற பெயர் பிறக்கும் முன்பே அதன் பிரிகை நடந்தேறியது என்பது சுவையான செய்தி.

இவ்வினைக்கு மிகத் தெளிவான சான்று, பெயர்ப்பலகைகளில் காணும் அக்ரிலிக் தகடு. அதைக் காற்றில்லாமல் 300 முதல் 400 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், அறுந்த சங்கிலியின் முனையிலிருந்து, நூலறுந்த மாலையின் மணிகள் நழுவுவது போல, அதன் ஒற்றைப்படியான மெத்தில் மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. 90 விழுக்காட்டுக்கு மேல் மீட்க முடிகிறது. பாலிஎத்திலீன் இவ்வாறு பணிவதில்லை. அதன் சங்கிலி ஆங்காங்கே அறுவதால் மெழுகும் எண்ணெயும் வளிமங்களும் கலந்தே கிடைக்கும். தண்ணீர்ப் புட்டிகள் செய்யப் பயன்படும் பெட் நெகிழியில் எஸ்டர் பிணைப்புகள் இருப்பதால், நீர், மெத்தனால், எத்திலீன் கிளைக்கால் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு அப்பிணைப்புகளை வெட்டுகின்றனர். மாவுப்பொருள் அமிலத்தில் கொதித்துக் குளுக்கோசாவதும் இந்த வகையே.

தமிழில் இவ்வினையைப் 'பலபடி நீக்கம்' என்றால் பலபடியைக் கலவையிலிருந்து அகற்றுவதாகப் பொருள்படும். 'பலபடிச் சிதைவு' என்றால் மேற்சொன்ன குடத்தின் கதையாகிவிடும். பாடநூல்களில் 'பிரிகை மாறிலி' என்ற வழக்கு ஏற்கெனவே உள்ளது. மீண்டும் சேரக்கூடிய கூறுகளாகப் பிரிவதையே அங்கு 'பிரிகை' சுட்டுகிறது. ஆகவே 'பலபடிப் பிரிகை' என்பதே பொருத்தம். பாலிமரைப் பல்பகுதியம் என்று வழங்கும் இலங்கைத் தமிழர் 'பல்பகுதியப் பிரிகை' எனலாம். தானாக நிகழ்வதைப் பிரிகை என்றும், ஆலையில் வேண்டுமென்றே செய்வதைப் பிரிப்பு என்றும் வேறுபடுத்தி எழுதவும் இச்சொல் இடம் தருகிறது.