பட்டறைச் சிக்கலுக்குக் கல்லூரி ஆய்வுக்கூடம்: செலவுக்குப் புத்தாக்க வவுச்சர்

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க்கழிவை (இங்கே 'பித்' என்பார்கள்) பிளாக்காக அடித்து ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) என்றாலே தலைவலி. பித்தில் உப்பு அதிகம் இருந்தால் வாங்குபவர் ஒத்துக்கொள்ள மாட்டார்; பெரும்பாலும் ஈ.சி. 0.5 mS/cm-க்குக் கீழே கேட்பார்கள். கழுவினால் உப்பு குறையும், ஆனால் தண்ணீருக்கு எங்கே போவது? "இதையெல்லாம் யுனிவர்சிட்டில போய்க் கேட்டா நம்மளை உள்ளே விடுவாங்களாங்க?" என்பதுதான் அடுத்த கேள்வி. விடுவார்கள். செலவுக்கு உதவ ஒரு திட்டமும் இருக்கிறது.

தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்தும் புத்தாக்க வவுச்சர் திட்டம் அது. கல்லூரி, பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, குறு, சிறு நிறுவனங்களும் புதிதாகத் தொழில் தொடங்குவோரும் விண்ணப்பிக்கலாம். யோசனையைச் செய்து பார்க்கும் கட்டத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை. அது தேறி, சந்தைக்குக் கொண்டுபோகும் கட்டத்துக்கு 5 லட்சம் வரை. உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். இலவசம்தான், இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கூட்டாளியைத் தேட ரொம்ப அலைய வேண்டியதில்லை. விளைபொருள் என்றால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், நூல், துணி என்றால் சிட்ரா என்ற கோவை ஜவுளி ஆராய்ச்சி நிலையம், கோழி, மாடு என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. பெருந்துறையிலும் பீளமேட்டிலும் பொறியியல் கல்லூரிகளிலேயே தொழில் காப்பகம் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர்) உண்டு. "புதுசா ஏதாவது பண்ணித் தாங்க சார்" என்று போனால் காபி குடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஒரு டன் பித்துக்கு இவ்வளவு தண்ணீர், கழுவுமுன் ஈ.சி. இவ்வளவு, பின் இவ்வளவு என்று எழுதி, மாதிரியையும் பையில் எடுத்துப் போங்கள். அப்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

சரி, வழி கிடைத்துவிட்டது. அது யாருக்குச் சொந்தம்? நம் ஆட்கள் வாய்ப்பேச்சிலேயே விட்டுவிடும் இடம் இது. பேராசிரியருக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும், உங்களுக்கு ரகசியம் வேண்டும். கட்டுரை முந்திக்கொண்டால் காப்புரிமை கைநழுவிப்போகலாம். அதனால் முதலில் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விவரம்) தாக்கல் செய்துவிடுங்கள். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. சிறு நிறுவனத்துக்கும் கல்வி நிறுவனத்துக்கும் ஆன்லைனில் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய்தான், பெரிய நிறுவனத்துக்கு 8,000. விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் பரிசீலிக்கும் கட்டணம் முறையே 4,000, 20,000. உள்நாட்டுக் காப்புரிமை கிடைத்த பிறகு, மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத் திட்டத்தில் 1 லட்சம் வரை செலவைத் திரும்பக் கேட்கலாம்.

நீங்கள், கல்லூரி என இருவர் பெயரிலும் காப்புரிமை வாங்கினால் இன்னொரு விதி உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, நீங்கள் உங்கள் ஆலையில் அதைப் பயன்படுத்திக்கொள்ள யாரையும் கேட்க வேண்டாம், கணக்கும் காட்ட வேண்டாம். ஆனால் பக்கத்து ஆலைக்காரருக்கு உரிமம் கொடுக்க வேண்டுமென்றால் கல்லூரியின் சம்மதம் வேண்டும். அவர்கள் கொடுப்பதானால் உங்கள் சம்மதம் வேண்டும். வருமானத்தை எப்படிப் பிரிப்பது, யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது.

புதிதாக ஆராய்ச்சி செய்யப் பொறுமை இல்லையா? வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் வணிக மேம்பாட்டு இயக்ககத்தில் தயாராக இருக்கும் தொழில்நுட்பங்களை உரிமக் கட்டணம் கட்டி வாங்கலாம். கட்டும் முன், வேறு யார் யாருக்கெல்லாம் அதே உரிமம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.