அறிதுயில் சிகிச்சை: ‘மனோவசியம்’ ஏன் ஒத்துவராது

“குழந்தைகள் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கத்தை மனோவசிய சிகிச்சை மூலம் போக்கலாம்.”

மருத்துவத் துண்டறிக்கைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. இந்த வாக்கியம் ஓரிரு சொல் மாறி எத்தனை முறை என் மேசைக்கு வந்திருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. போன வாரம் மறுபடியும் வந்தது. கூடவே ஒரு படம்: சங்கிலியில் கட்டிய கடிகாரத்தை ஒருவர் ஆட்ட, எதிரே ஒரு சிறுவன் கண்கள் சொருகி உட்கார்ந்திருக்கிறான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘கழிக்கும்’, ‘பழக்கம்’, ‘மனோவசியம்’ என்ற மூன்று சொற்களும் தவறு.

முதலில், இவர்கள் ‘மனோவசிய சிகிச்சை’ என்று தமிழாக்கிய ஹிப்னோதெரபி. ஹிப்னாஸ் கிரேக்கர்களின் உறக்கத் தெய்வம். தெரபி என்பதும் கிரேக்கம்தான், பேணுதல், குணப்படுத்துதல் என்று பொருள். ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பியவர் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். 1843இல் அவர் எழுதிய நூலோடு அது நிலைத்துவிட்டது. சொல்வரலாறு இவ்வளவே. ஆனால் பிரெய்டு எதற்காகப் புதுப்பெயர் தேடினார் என்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் தெரிந்துகொண்டிருந்தால் ‘மனோவசியம்’ பிறந்தே இருக்காது.

அவருக்கு முன் புழங்கிய பெயர் மெஸ்மரிசம். மருத்துவரின் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தப் பாய்மம் நோயாளிக்குள் பாய்கிறது என்றார், அந்தப் பெயருக்குக் காரணமான ஜெர்மானிய மருத்துவர் மெஸ்மர். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு அதைச் சோதித்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அப்படி எதுவும் பாயவில்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து பிரெய்டு வந்து, செய்பவரிடமிருந்து எந்தச் சக்தியும் வருவதில்லை, எதிரே இருப்பவர் தன் கவனத்தை ஒன்றில் குவிப்பதால் தன்னிடம் தானே உண்டாக்கிக்கொள்ளும் நிலை இது என்றார். பழைய பெயரை அவர் கைவிட்டது இதனால்தான். நாமோ அவர் தூக்கி எறிந்த கருத்தைப் பொறுக்கி எடுத்து, அதற்கு ‘மனோ’ என்று ஒரு தொப்பியும் வைத்து, அவர் கண்டதற்கே பெயராகச் சூட்டியிருக்கிறோம்.

வசியம் என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். வசம் என்றால் ஆட்பட்ட நிலை, கைப்பிடி. ‘சாவி அவன் வசம் இருக்கிறது’ என்கிறோம். பிறர் வசமாகிப் போவது பரவசம். ஆளைத் தன் பக்கம் இழுப்பது வசீகரம். மாந்திரீகத்தின் எட்டுச் செயல்களான அட்டகர்மங்களில் முதலாவதாக நிற்பது வசியம். அதே வரிசையின் கடைசியில் மாரணம், அதாவது ஆளைக் கொல்வது. எந்தக் கூட்டத்துச் சொல்லை எடுத்துக் குழந்தை மருத்துவத்தில் வைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

பேச்சுவழக்கும் இதைத்தான் சொல்கிறது. ‘யாரோ வசியம் வெச்சுட்டாங்க.’ ‘பேசியே ஆளை வசியம் பண்ணிடுவான்.’ இந்த வாக்கியங்களில் எப்போதும் இரண்டு பேர் உண்டு: ஒருவர் வைக்கிறார், இன்னொருவர் விழுகிறார். விழுந்தவருக்குத் தன் புத்தி இருக்காது. விரும்பி வசியத்துக்கு ஆளானவரைப் பற்றித் தமிழில் பேச்சே கிடையாது. ‘சுய மனோவசியம்’ என்று அச்சில் பார்க்கும்போது சிரிப்புத்தான் வருகிறது. தனக்குத்தானே செய்வினை வைத்துக்கொண்டவர் மாதிரி!

‘வடசொல் என்பதால் எதிர்க்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். இல்லை. சிகிச்சையும் வடசொல்தான், அதில் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ‘பண்டுவம்’ என்று மாற்றச் சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள், நல்ல சொல். ஆனால் இராத்திரி மூன்று மணிக்கு விரிப்பை அலசிப் போட்டுவிட்டு விடிந்ததும் துண்டறிக்கையைப் பிரிக்கும் அம்மாவுக்கு அதுவும் இன்னொரு புதிராகக் கூடாது. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம்.

அடுத்த வாதம் ஒன்று உண்டு, இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்: ‘மனோவசியம்னா மக்களுக்குச் சட்டுனு புரியும் சார்.’ சரி, என்ன புரியும்? யாரோ ஒருவர் என் பிள்ளையின் மனத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார் என்று புரியும். அப்படிப் புரிந்துகொண்ட பெற்றோரில் பாதிப் பேர் பயந்து ஒதுங்குவார்கள். மீதிப் பேர் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று வந்து நிற்பார்கள். சட்டென்று தவறாகப் புரியும் சொல்லைவிட, கொஞ்சம் நின்று யோசிக்க வைக்கும் சொல் எவ்வளவோ மேல்.

‘மயக்குறு நிலை’, ‘துயில்மயக்கம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வசியத்துக்கு இது பரவாயில்லை, ஆனால் மயக்கம் என்ற சொல் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் ஊசியாகிவிடுகிறது. அப்படி ஒரு துண்டறிக்கையை என் முன்னாலேயே படித்துப் பார்த்த ஓர் அம்மா கேட்ட முதல் கேள்வி, “மயக்க ஊசி போடுவாங்களா? எத்தனை மணி நேரம் சாப்பிடாம இருக்கணும்?” அவர்மேல் தப்பு சொல்ல முடியுமா? ‘ஆழ்மனச் சிகிச்சை’ என்பது எதையும் சொல்லாத பெயர். உளப்பகுப்பாய்வுக்கும் பொருந்தும், ஞாயிற்றுக்கிழமைத் தன்னம்பிக்கை வகுப்புக்கும் பொருந்தும். ஹிப்னோதெரபி என்று அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஒலிபெயர்ப்பு விளக்காது, ஆனால் பொய்யும் சொல்லாது.

நான் கைகாட்டுவது அறிதுயில். நான் உண்டாக்கிய சொல் இல்லை. கலைச்சொல்லாகப் பலரும் ஏற்கெனவே எடுத்தாள்கிறார்கள். அதற்கும் முன்பு பாற்கடலில் திருமால் கொள்ளும் யோகநித்திரைக்குத் தமிழில் வழங்கிய பெயர் அது. படுத்திருக்கிறார், கண் மூடியிருக்கிறது, உலகில் நடப்பதெல்லாம் தெரிகிறது. இலக்கணப்படி வினைத்தொகை. குடிநீர் என்பது குடித்த, குடிக்கிற, குடிக்கும் நீராவதுபோல அறிந்த, அறிகிற, அறியும் துயில் என்று மூன்று காலத்துக்கும் விரியும். அந்த நிலையில் இருப்பவருக்கு அறிவு ஒரு கணமும் விட்டுப்போகவில்லை என்பதைச் சொல்லின் முதல் பாதியே சொல்லிவிடுகிறது.

அறிதுயிலிலும் ஒரு குறை சொல்லலாம்: இது துயிலே இல்லையே? உண்மைதான். அந்த நிலையில் இருப்பவர் தூங்குவதில்லை. பெயர் வைத்த பிரெய்டுக்கே அந்த உறுத்தல் வந்து, பிற்பாடு ‘ஒரே எண்ணத்தில் நிலைத்தல்’ என்று பொருள்படும் வேறொரு பெயரை முன்வைத்தார். அதற்குள் முதல் பெயர் ஊர் சுற்றிவிட்டது, திரும்பி வரவில்லை. கிரேக்கச் சொல்லில் விழுந்த அந்த ஓட்டையைத் தமிழில் ‘அறி’ அடைத்துவிடுகிறது.

இந்தச் சிகிச்சையில் குழந்தை உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் ‘வசியம்’ எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பது தெரியும். கடிகாரம் எதுவும் ஆடுவதில்லை. ஒரு தாளில் சிறுநீர்ப்பையைப் பலூன் மாதிரி வரைகிறார்கள். அடியில் ஒரு கதவு, மேலே மூளை. பை நிறைந்ததும் மூளைக்குச் செய்தி போக வேண்டும். ‘கதவை மூடியே வை, நான் எழுப்பிவிடுகிறேன்’ என்று மூளை பதில் சொல்ல வேண்டும். குழந்தை தளர்வாக உட்கார்ந்து இதைக் கற்பனையில் பார்க்கிறது. சின்னக் குழந்தைகள் கண்ணைக்கூட மூடுவதில்லை, நெளிந்துகொண்டே செய்வார்கள். ‘நிறைஞ்சதும் முழிச்சுக்குவேன், பாத்ரூம் போவேன், திரும்பி வந்து காய்ஞ்ச படுக்கைல படுப்பேன்.’ இதைத் தினமும் படுக்கப் போகும்முன் தானே செய்துபார்க்க வேண்டும். நினைவூட்டுவதோடு பெற்றோர் வேலை முடிந்தது. சிகிச்சையாளர் சொல்லிக் கொடுப்பவர், அவ்வளவுதான். வேலை முழுக்கக் குழந்தையுடையது.

பலன் உண்டா? 1975இல் கேரன் ஓல்னஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், இந்தப் பயிற்சி கற்ற 40 குழந்தைகளில் 31 பேருக்குப் படுக்கை நனைவது நின்றதாக எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு அது. பின்னால் வந்தவையும் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஈரம் பட்டதும் மணியடித்து எழுப்பும் கருவிக்கு உள்ள அளவுக்கு இதற்குச் சான்று கிடையாது. ‘போக்கலாம்’ என்று அடித்துச் சொல்வதைவிட ‘சிலருக்கு உதவக்கூடும்’ என்பதே நியாயம்.

‘சிகிச்சையாளர் குழந்தைக்குப் பரிந்துரைகள் வழங்குவார்’ என்றும் ஒரு வரி அதே துண்டறிக்கையில் இருந்தது. சிபாரிசுக் கடிதம் கொடுப்பார் போலிருக்கிறது! ‘சஜஷன்’ என்ற ஆங்கிலச் சொல் இங்கே குறிப்பது மனத்தில் ஓர் எண்ணத்தை ஊன்றுவதை. அதற்குக் கருத்தேற்றம் என்ற அருமையான சொல் இருக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் அவசரம் இன்று எல்லா மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது, மனிதர் செய்தாலும் சரி, இயந்திரம் செய்தாலும் சரி.

இனி ‘கழிக்கும்’. கழித்தல் என்பது தெரிந்து செய்யும் வேலை. தூங்கும் குழந்தை எதையும் கழிப்பதில்லை. தமிழில் இதற்குத் துல்லியமான வினை இருக்கிறது, நாள்தோறும் மருத்துவர்கள் வாயால் கேட்கிறோம்: “சிறுநீர் நல்லாப் பிரியுதா?” பிரிதல் தானாக நடப்பது. வீட்டிலும் ‘தூக்கத்துல போயிடுது’ என்றுதான் சொல்கிறோம், ‘போயிடுறான்’ என்று சொல்பவர்கள் கொஞ்சம் கோபத்தில் இருப்பவர்கள். ‘படுக்கை நனைத்தல்’ என்ற ஆங்கில வழி ஆக்கமும் இதே ரகம். நனைதல் தன்வினை, நனைத்தல் பிறவினை. அந்த ஒரு ‘த்’ வந்து குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது. பள்ளியில் ஆறாம் வகுப்பில் படித்த இலக்கணம், துண்டறிக்கை எழுதும்போது மட்டும் மறந்துபோகிறது.

‘பழக்கம்’ இதையெல்லாம்விட மோசம். நகம் கடிப்பது பழக்கம். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனின் சுரப்பு போதாமை, பை நிறைந்தும் விழிப்புத் தட்டாமை, பையின் கொள்ளளவு, மலச்சிக்கல், பரம்பரை எல்லாம் சேர்ந்து உண்டாக்குவதைப் பழக்கம் என்றால் அடுத்து திட்டு விழும், அதற்கடுத்து அடி விழும். ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகளுக்கு இது இருக்கிறது. ஆண்டுக்கு அவர்களில் ஏழில் ஒரு பங்கினருக்குத் தானாகவே நின்றும் விடுகிறது. ஆறு மாதம் நனையாமல் இருந்து திடீரெனத் திரும்பத் தொடங்கினாலோ, எரிச்சலோ தணியாத தாகமோ இருந்தாலோ முதலில் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும், அறிதுயில் அப்புறம்.

ஆக, நான் திருத்தி அனுப்பிய வாக்கியம் இது: “தூக்கத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் பிரியும் குழந்தைகளில் சிலருக்கு, அவர்களே கற்றுச் செய்துபார்க்கும் அறிதுயில் சிகிச்சை உதவக்கூடும்.” மறுநாளே பதில் வந்தது. வாக்கியம் நன்றாக இருக்கிறதாம், ஆனால் நீண்டுவிட்டதாம். பக்கத்தில் இடமில்லை என்றார்கள். கடிகாரம் ஆட்டும் அந்த ஆளின் படத்தை எடுத்துவிட்டால் இடம் தாராளமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறேன்.