பக்கத்து மனையில் தகரம் அடிக்கிறார்களா? பள்ளம் தோண்டும் முன் உங்கள் வீட்டைப் படம் எடுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு குறுகலான தெரு. அறுபது வருடப் பழைய வீடு, செங்கல் சுவர், மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. பக்கத்தில் இருந்த அதே வயது வீட்டை இடித்துவிட்டு ஸ்டில்ட்டும் (கார் நிறுத்த, தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) நாலு மாடியும் கட்டுகிறார்கள். கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "ஏம்மா, பூஜை ரூம் கதவு ரெண்டு வாரமா சாத்த மாட்டேங்குது. மரம் உப்பியிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

மரம் உப்பவில்லை. கதவு நிலையே சாய்ந்திருந்தது. சன்னலின் மேல் மூலையில் கிளம்பிய விரிசல், செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டு போல ஏறிக் கூரையைத் தொட்டிருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தேன், செருகிக்கொண்டு நின்றது. அதன்மேல் ஏற்கெனவே ஒரு தடவை பட்டி பூசி அடைத்திருந்தார்கள். பூசிவிட்டுப் போனது பக்கத்து மனை மேஸ்திரி. அந்தப் பட்டியும் நடுவில் பிளந்திருந்தது.

"வேலை ஆரம்பிக்கும் முன்னாடி வீட்டை போட்டோ எடுத்து வெச்சீங்களாம்மா?"

"எதுக்கும்மா? அதான் அப்ரூவல் வாங்கியாச்சுன்னு போர்டு வெச்சிருக்காங்களே."

இருபது வருடமாக ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். இந்த ஒரு பதிலைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆற்றாமை தாங்குவதில்லை. படித்தவர்கள், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், வக்கீல்கள்கூட இதையே சொல்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள். அந்த போர்டில் இருப்பது அவர்கள் கட்டப்போகும் கட்டடத்துக்கான அனுமதி. உங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை. சிஎம்டிஏவோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாநகராட்சியோ பார்ப்பது என்ன? சாலை எவ்வளவு அகலம், கட்டடம் எவ்வளவு உயரம், மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம், நாலு பக்கமும் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை கார் நிறுத்தலாம். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்துக்கே மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். சாலை அகலமாக இருந்தால், பணம் கட்டி அதற்கு மேலும் வாங்கிக்கொள்ளலாம். இதெல்லாம் அந்த வரைபடத்தில் இருக்கும். உங்கள் வீட்டுக் கடைக்கால் (அஸ்திவாரம்) நாலடி ஆழமா ஐந்தடி ஆழமா என்று அதில் ஒரு கோடு இருக்காது. 2024 ஜூலையில் சிறிய வீடுகளுக்கு சுயசான்று முறையும் வந்துவிட்டது. யாரும் நேரில் வந்து பார்க்காமலேயே ஆன்லைனில் அனுமதி கிடைத்துவிடுகிறது.

அனுமதி வேறு, மண் வேறு. 2014 ஜூன் 28ஆம் தேதி மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 பேரைப் பலிகொண்ட பதினோரு மாடிக் கட்டடமும் அனுமதி வாங்கியதுதான்.

சரி, அந்த அனுமதி நமக்குத் துணை இல்லையென்றால் வேறு எதுதான் துணை? அதிகம் பேருக்குத் தெரியாத பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். உங்கள் நிலத்துக்கு இயல்பாகத் தாங்கலாக இருக்கும் பக்கத்து நிலத்தின் மண்ணை ஒருவர் தன் இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது என்று ஏழாவது பிரிவு சொல்கிறது. உங்கள் வீடு பக்கத்து மண்ணின் தாங்கலில் இருபது வருடம் இடையூறு இல்லாமல் நின்றிருந்தால், அதுவே உரிமையாகிவிடும் என்கிறது பதினைந்தாவது பிரிவு. அதனால் "பழைய வீடு சார், அதான் விரிசல் விடுது" என்று சைட்டில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பழைய வீடு என்பது உங்கள் பக்கத்து நியாயம். விவரத்தை வக்கீலிடம் கேளுங்கள். ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது முக்கியமாக அந்த ஃபிளாட்டை வாங்குகிறவர்களுக்கானது.

இனி மண். எத்தனை அடி ஆழம் தோண்டுகிறார்களோ, பள்ளத்தின் விளிம்பிலிருந்து அத்தனை அடி தூரம் ஆபத்து என்பது எங்கள் தொழிலில் வாய்க்கணக்கு. மண் இளகலாக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஸ்டில்ட் கட்டடம்தானே, பேஸ்மென்ட் இல்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மதில் ஓரமாகவே சம்ப்புக்கும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) லிஃப்ட்டுக்கும் பத்தடி தோண்டுவார்கள். மாம்பலம் அம்மாவின் வீட்டில் நடந்தது அதுதான். அந்தப் பகுதியில் களிமண். தி.நகரும் சுற்றுவட்டாரமும் 1920களில் பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவானவை. ஏரி போய் நூறு வருடம் ஆகிறது, லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. களிமண்ணில் நீரை இறைத்தால் மண் சுருங்கி இறங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல். அங்கே இறைக்கும் நீரோடு உங்கள் கடைக்காலுக்கு அடியில் இருக்கும் மணலும் சேர்ந்து வெளியே போகும். ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம் சீக்கிரமே பாறை வந்துவிடும், பிரேக்கர் போட்டு உடைக்கிற அதிர்வு சுவருக்கு ஏறும்.

மணல் போகிறதா என்று நீங்களே பார்க்கலாம். பள்ளத்து நீரை மோட்டார் போட்டு வடிகாலில் விடுவார்கள். குழாய் வாயில் ஒரு வாளி பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் அதே இடத்தில் வீடியோ எடுத்து சைட் இன்ஜினியரிடம் காட்டுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மழைக்காலத்தில் பள்ளத்தைத் திறந்து போட்டால் என்ன ஆகும் என்று 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் பார்த்தோம். கட்டுமானப் பள்ளத்தின் ஓரம் சரிந்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். உடல்களை மீட்கவே நாட்கள் ஆயின.

பக்கத்தில் தகரம் அடித்தவுடன், ஜேசிபி வரும் முன்பே, வீட்டின் ஒவ்வொரு சுவரையும், கூரையையும், தரையையும், காம்பவுண்ட் சுவரையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்து எடுத்தாலும் சரி. ஏற்கெனவே விரிசல் இருந்தால் மறைக்காதீர்கள், அதையும் எடுங்கள். அந்தப் படங்களைக் கட்டுகிறவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் எவ்வளவு ஆழம், ஓரத்துக்கு ஷோரிங் (மண் சரியாமல் தாங்கும் முட்டு) போடுகிறீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் எல்லோரும் நல்லவர்கள்தான்.

விரிசல் வந்துவிட்டதா? பட்டி பார்க்க விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், விடாதீர்கள். பட்டி பார்த்தால் சாட்சி போய்விடும், விரிசல் போகாது. அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டுங்கள். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். கதவு சாத்தவில்லை, தரை ஓடு தூக்குகிறது, கேட் இழுபடுகிறது என்றால் மரத்தைச் சீவ ஆசாரியைக் கூப்பிடும் முன் ஓர் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

மற்றத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டடத்தின் தரையை மூன்று நாலு அடி உயர்த்திவிடுகிறார்கள். அவர்கள் மனையில் விழுந்த மழை அவர்கள் மனையிலேயே இறங்க வேண்டும். மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டுகிறார்களா என்று பார்க்காமல் விட்டால், அடுத்த ஐப்பசியில் அத்தனை தண்ணீரும் உங்கள் வாசலுக்கு வரும். பள்ளத்து நீரைத் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் மேன்ஹோலில் விட்டால், அது கீழ்வீட்டுக் கழிவறை வழியே திரும்பி வரும். உடனே மெட்ரோ வாட்டரில் புகார் செய்யுங்கள். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை குடியிருப்புப் பகுதியில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி. நடுராத்திரியில் கம்பி இறக்கினால் பொறுத்துப்போக வேண்டியதில்லை. அப்புறம், வாடகைக்கு இருப்பவர்களும் புகார் கொடுக்கலாம். ஹவுஸ் ஓனர்தான் கேட்க வேண்டும் என்று எதுவும் இல்லை.

கட்டுகிறவர்களில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக் கடைக்கால் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஓர் ஆள் அரை நாள் குழி தோண்டினால் போதும். அதைக்கூடச் செய்யாமல் பொக்லைனை இறக்காதீர்கள்.

மாம்பலம் அம்மாவின் வீட்டில் மூன்று கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டு வந்தேன். பக்கத்து சைட்டில் பேசி, பள்ளத்தின் மாம்பலம் வீட்டுப் பக்க ஓரத்துக்கு மணல் மூட்டை அடுக்கி முட்டுக் கொடுக்கச் சொன்னேன், செய்வதாகச் சொன்னார்கள். நேற்றுச் சாயங்காலம் அம்மா போன் செய்தார். "பூஜை ரூம் பக்கத்துக் கண்ணாடி ரெண்டா போச்சும்மா. நான் கையே வைக்கல." தொடாமல் அப்படியே படம் எடுத்து வையுங்கள், அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை சைட் ஆட்கள் வருவதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.