லேசர் வெல்டிங்குக்கு பழைய கண்ணாடி உதவாது

தகடு வெட்டுவது, பற்றவைப்பது, பாகங்களில் எண் பொறிப்பது, அளவு சரிபார்ப்பது எனத் தொழிற்சாலை வேலைகள் பலவும் இன்று ஒளியை நம்பியே நடக்கின்றன. டர்பனின் பெரிய ஆலைகளில் லேசர் பூட்டிய கூண்டுக்குள் இயங்கும். கதவைத் திறந்தால் கதிர் நின்றுவிடும். எங்கள் கவலை சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் கேட், ஜன்னல் கம்பி, ஸ்டெயின்லெஸ் கைப்பிடி செய்யும் சிறு பட்டறைகளைப் பற்றியது. கையில் பிடித்து வெல்டிங் செய்யும் ஃபைபர் லேசருக்குக் கூண்டும் கிடையாது, கதவும் கிடையாது.

இக்கருவிகளின் திறன் பெரும்பாலும் 1000 முதல் 2000 வாட். தொடர்ந்து எரியும் கதிர் 0.5 வாட்டைத் தாண்டினாலே அது மிக ஆபத்தான 4ஆம் வகுப்பு. அலைநீளம் சுமார் 1070 நானோமீட்டர். ஏறத்தாழ 700க்கு மேல் நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் 1400 வரையுள்ள ஒளியைக் கண் உள்ளே விட்டு, விழித்திரையில் லட்சம் மடங்கு வரை செறிவாகக் குவித்துவிடும். வெளிச்சமே தெரியாததால் இமை மூடாது. விழித்திரையில் வலி நரம்பும் இல்லை.

ஆர்க் வெல்டிங்கில் கண் சுட்டால் இரவெல்லாம் மணல் விழுந்தது போல் உறுத்தும், ஓரிரு நாளில் ஆறிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் பலர் லேசரையும் எடைபோடுகிறார்கள். லேசர் சுட்ட இடத்தில் பார்வையின் நடுவே கரும்புள்ளி விழலாம். பெரும்பாலும் அது ஆறாது.

ஆர்க் ஹெல்மெட் லேசர் கதிருக்காகச் செய்யப்பட்டதல்ல. அதை மட்டும் போட்டு வேலை செய்யாதீர்கள். லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்தில் அலைநீள எல்லையும், ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓ.டி. எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் 1070 வரவேண்டும், ஓ.டி. கருவியின் கையேடு கேட்கும் அளவுக்குக் குறையக் கூடாது. ஓ.டி. 7 என்றால் கோடியில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். எதுவும் அச்சிடாத பச்சைக் கண்ணாடியை வாங்கவே வாங்காதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு லேசரிலிருந்து மாறியவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். தெளிவான பாலிகார்பனேட்டே அதைத் தடுத்துவிடும். அதே பாலிகார்பனேட் வழியாக 1070 ஏறக்குறைய முழுதாகக் கடந்துபோகும். பழைய கண்ணாடி, பழைய இயந்திரத்தின் பார்வைச் சாளரம் இரண்டையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

ஆபத்து வெல்டருக்கு மட்டுமல்ல. ஸ்டெயின்லெஸ், அலுமினியம், பித்தளை எல்லாம் கதிரைத் திருப்பி அடிக்கும். வெக்கைக்காக ஷட்டரைத் திறந்து வைத்தால் அது தெருவுக்கே போகும். தனி அறை, லேசருக்கெனச் சான்று பெற்ற திரை, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் கண்ணாடி: இவ்வளவும் வேண்டும். வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைப்பது தென்னாப்பிரிக்காவின் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டப்படி (1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் சட்டம்) முதலாளியின் கடமை.

பெரும்பாலான கருவிகளில் பூமிக் கிளாம்பை (எர்த் கம்பியின் கவ்வி) வேலைப்பொருளில் மாட்டி, வெல்டிங் துப்பாக்கியின் முனை உலோகத்தைத் தொட்டால்தான் கதிர் வரும். நேரம் மிச்சப்படுத்தக் கிளாம்பைத் துப்பாக்கி முனையிலேயே மாட்டுகிறார்கள். அந்த நொடியிலிருந்து துப்பாக்கி எந்தத் திசையில் இருந்தாலும் சுடும். இதைச் செய்பவரை உடனே நிறுத்துங்கள். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் வரவைக்கும், ஸ்டெயின்லெஸ் புகை அதைவிடக் கொடியது; உறிஞ்சி கட்டாயம்.

டர்பனின் ஈரக்காற்று கருவியையே கெடுக்கும். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் பனி நிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 டிகிரி. கருவியைக் குளிர்விக்கும் சில்லரின் நீர் 22இல் ஓடினால் லேசருக்குள் நீர் கோக்கும், லென்ஸ் எரியும். அறைக்கு ஏசி போடுங்கள், அல்லது தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்கு நீரின் வெப்பத்தை உயர்த்துங்கள். மின்வெட்டுக்குப் பின் உடனே சுடாமல், உள்ளே ஈரம் வற்றக் காத்திருங்கள்.

யாருக்காவது கதிர் பட்டதாகச் சந்தேகம் வந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். கருவியின் அலைநீளம், திறன், கதிர் பட்ட தூரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.