லிண்டல்: கெமர் சிற்பக் கல்லுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

வீடு கட்டும் இடத்தில் "லிண்டல் மட்டம் வந்துவிட்டதா?" என்று மேஸ்திரியைக் கேட்கிறோம். கதவு, சன்னலுக்கு மேலே குறுக்கே போடும் தாங்கு பாகமே லிண்டல். இலத்தீனில் வாசற்படியைக் குறித்த சொல்லும் எல்லையைக் குறித்த சொல்லும் ஒன்றோடொன்று குழம்பிப் பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனதில் பிறந்த பெயர் இது. காலடியில் கிடந்த சொல் தலைக்கு மேலே ஏறிவிட்டது.

கம்போடியாவிலும் தாய்லாந்திலும் கெமர் மக்கள் கட்டிய பழைய கோயில்களில் இந்தப் பெயரைத் தாங்கும் கல் வேறு வகை. மேற்சுவரின் பாரத்தைப் பெரும்பாலும் பின்னால் உள்ள வேறொரு கல் சுமக்கும். முன்னால், இரு சிறு தூண்களின் மேல் அமரும் மணற்கல் பலகை சிற்பத்துக்கென்றே வைத்தது. அதில் ஓடும் கொடியும் மகரமும் காலன் என்னும் பூதமுகமும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறுவதால், கோயிலின் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இவற்றுள் பெயர்பெற்றது தாய்லாந்தின் புரிராம் மாநிலத்தில், அணைந்த எரிமலை ஒன்றின் உச்சியில் நிற்கும் பனோம் ருங் கோயிலில் இருக்கிறது. சிவன் கோயில்தான், ஆனால் கிழக்கு வாயிலின் மேலே திருமால் அனந்தன்மீது பள்ளிகொண்டிருக்கிறார். உந்தித் தாமரையில் பிரமன், திருவடிப் பக்கம் இலக்குமி. அதற்கும் மேலே, முகப்பு முக்கோணத்தில் நடராசர் ஆடுகிறார். 12ஆம் நூற்றாண்டு வேலை. 1960களில் களவுபோன இக்கல் பிறகு சிகாகோ கலை அருங்காட்சியகத்தில் காணப்பட்டது. தாய்லாந்து மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1988இல் திரும்பி வந்தது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "விட்டம்" என்றால் கூரையின் பாரம் நினைவுக்கு வரும். "தோரணம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது வாயிலை அணிசெய்யும் வளைவு, இந்தக் கல் அன்று. "உத்தரம்" நெருங்கி வருகிறது. வடமொழியில் மேலே உள்ளது என்று பொருள். சங்கப் பாட்டான நெடுநல்வாடை அரண்மனை வாயிலைப் பாடும்போது "நாளொடு பெயரிய கோளமை விழுமரத்து" என்கிறது; உத்தரம் என்னும் நாள்மீனின் பெயர்கொண்ட மரம் என்று பொருள். பெயரை நேரே சொல்லாமல் விடுகதை போடுகிறார் புலவர். அடுத்த அடியிலேயே குவளைப் பூவும் பிடியானையும் வருகின்றன. நச்சினார்க்கினியர் உரையில் அவற்றின் நடுவே திருமகளும் உண்டு. ஆக, வாயிலின் மேல் தெய்வ உருவைச் செதுக்குவது தமிழருக்கும் பழக்கமான வேலை. அந்த உறுப்புக்கு உரையாசிரியர் தரும் பெயர் "உத்தரக்கற்கவி"; இங்கே கவி என்றால் மேலே கவிந்து மூடுவது.

கட்டடவேலைக்கு லிண்டலே இருக்கட்டும், அல்லது நிலை உத்தரம் எனலாம். இன்று தனியாக உத்தரம் என்றால் பலரும் கூரை உத்தரத்தையே நினைப்பார்கள். பனோம் ருங் கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் "அனந்தசயன உத்தரக்கற்கவி" என்று தயங்காமல் எழுதலாம். சொல்லிலேயே கல்லும் இருக்கிறது.