ஜிரா ரூல் ஏன் பழைய மதிப்பையே பார்க்கிறது?

குழுவின் வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருளான ஜிராவில், டிக்கெட் விழும்போதே டியூ டேட்டும் தானாக விழ வேண்டும், அதுவும் ப்ரையாரிட்டியைப் பார்த்து. ஹையஸ்ட் என்றால் நாளைக்கு, ஹை என்றால் மூன்று நாள், மற்றதெல்லாம் ஒரு வாரம். இதற்கு மூன்று ஆட்டோமேஷன் ரூல் (தானாக ஓடும் விதி) தேவையில்லை, இஃப்-எல்ஸ் வைத்த ஒரே ரூல் போதும்.

இஃப்-எல்ஸ் மேலிருந்து கீழே ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக்கொண்டே வரும், முதலில் எது பொருந்துகிறதோ அதைச் செய்துவிட்டு மீதியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் முதன்முதலில் எழுதியபோது மேல் கிளையில் ‘ஹை அல்லது ஹையஸ்ட்’ என்றும் அதற்குக் கீழே ‘ஹையஸ்ட்’ என்றும் வைத்திருந்தேன். விளைவு, பயனர்கள் உபயோகிக்கும் நேரடித் தளமான ப்ரொடக்‌ஷனே படுத்துக் கிடந்த டிக்கெட்டுக்கும் சாவகாசமாக மூன்று நாள் கெடு! குறுகலான நிபந்தனைதான் மேலே இருக்க வேண்டும்.

சரி, அதைத் திருத்தியாச்சு. அப்புறம் ஆசை விடுமா? தலைப்பில் ‘அவுட்டேஜ்’ (சேவை முடக்கம்) என்ற சொல் இருந்தால் ப்ரையாரிட்டியையே ஹையஸ்ட் ஆக்கிவிடும்படி இஃப்-எல்ஸுக்கு முன்னால் ஒரு எடிட் ஆக்‌ஷன் சேர்த்தேன். ப்ரையாரிட்டி மாறியது, ஆனால் டியூ டேட் மட்டும் ஒரு வாரம் என்றே விழுந்தது. காரணம் இதுதான்: ரூல் ஓடத் தொடங்கும்போது டிக்கெட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் அந்த ரூலே எதையாவது மாற்றினாலும் அடுத்தடுத்த நிபந்தனைகள் அந்தப் பழைய போட்டோவைத்தான் பார்க்கின்றன. எடிட்டுக்கும் இஃப்-எல்ஸுக்கும் நடுவே ‘ரீ-ஃபெட்ச்’ என்று தொடங்கும் ஆக்‌ஷனைப் போட்டால் புதுப் போட்டோ எடுத்துக்கொள்ளும்.

ப்ரையாரிட்டியை ஒரு ரூலிலும் டேட்டை இன்னொரு ரூலிலும் பிரித்து வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் ஒரு ரூல் செய்த மாற்றம் இன்னொரு ரூலைக் கிளப்பாது. சுற்றிச் சுற்றி ஓடிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ரூலின் செட்டிங்கில் அனுமதிக்கும் டிக் பாக்ஸைத் தொட்டால்தான் கிளம்பும்.

டிக்கெட் போடுபவரே டேட் கொடுத்திருந்தால் அதன்மேல் எழுதிவிடாமல் இருக்க, ‘டியூ டேட் காலியாக இருந்தால்’ என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள். ரூல் தப்பான மதிப்பைப் போட்டாலும், அது ஓடிய விவரம் பதிவாகும் ஆடிட் லாக் பச்சையாக ‘சக்சஸ்’ என்றுதான் காட்டும். எனக்கும் இரண்டு முறையும் அப்படித்தான் காட்டியது.